தலை ஸ்கேன் நார்மல் என்றால் மூளைக்கு இரத்தம் சரியாகப் போகிறது என்று பொருளா? – உச்சிக்குழி வழியே பார்க்கும் குமிழி ஸ்கேன்



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்களில் பச்சிளம் குழந்தைகளுடையவை தனி ரகம். குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். தாயின் பெயரைப் போட்டு 'இன்னாரின் குழந்தை' என்றே பில் வந்திருக்கும். "பிறந்ததும் அழவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்று குழந்தையின் வாப்பா வந்து நிற்பார். உம்மா இன்னும் பிரசவ வார்டிலேயே இருப்பார். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தால் இரண்டாவது நாளே தலை ஸ்கேன் எடுத்திருப்பார்கள், 'நார்மல்' என்று எழுதியிருக்கும். அதற்கு அடுத்த தாளில் எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்போது குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "ஸ்கேன் நார்மல் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு இன்னொன்று? காசு பிடுங்கவா?"

சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் நேரான பதில் உண்டு. சாதாரண தலை ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டுகிறது. அந்த உருவத்துக்குள் இரத்தம் எவ்வளவு வேகமாக, எந்தப் பகுதிக்கு, எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை அது போதுமான அளவு காட்டுவதில்லை. இந்தக் குறையைப் போக்க, அதே ஸ்கேன் கருவியோடு மிக நுண்ணிய குமிழிகள் கொண்ட ஓர் ஊசி மருந்தைச் சேர்த்து மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் முறை ஒன்று சில பெரிய மருத்துவமனைகளில் நடந்து வருகிறது. நம் பக்கத்து மருத்துவமனையில் போய் இதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிறந்த குழந்தையின் மூளைக்கு இது இன்னும் எங்கும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் 'நார்மல்' ஸ்கேனோடு நிறுத்தவில்லை என்பது விளங்கும். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். படித்தும் கேட்டும் அறிந்ததை எளிதாகச் சொல்கிறோம்.

முதலில் மூளையைப் பற்றி. பெரியவர்களின் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி இரத்தம் வேண்டும். தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ மூளையில் சேமிப்பு கிடையாது. அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைக்கும் வீடு அது. கடை ஒரு வேளை அடைத்தால் அடுப்பு எரியாது. பிறந்த குழந்தைக்கு இந்தப் பாரம் இன்னும் அதிகம். மூன்று கிலோ குழந்தையில் மூளை மட்டும் 350 முதல் 400 கிராம் இருக்கும்.

பிரசவ நேரத்தில் தொப்புள்கொடி முன்னே நழுவி நசுங்கினாலோ, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டாலோ, கர்ப்பப்பையில் கிழிசல் ஏற்பட்டாலோ குழந்தைக்கு வரும் ஆக்சிஜன் தடைப்படுகிறது. குழந்தையை மீட்டு மூச்சு வரவைத்துவிடுகிறார்கள். நிறம் திரும்பிவிடுகிறது, இதயத் துடிப்பும் சரியாகிவிடுகிறது. வெளியே நிற்பவர்கள் ஆபத்து நீங்கியது என்று மூச்சு விடுகிறார்கள். ஆனால் மூளைக்குள் நடப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் அடி பட்ட பிறகு சில மணி நேரம் அணுக்கள் ஓரளவு தேறினாற்போல் இருக்கும். அதன் பின் இரண்டாவது சரிவு வரும். வலிப்பு வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மருத்துவர்கள் முதல் மூன்று நாட்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே பலருக்கும் வியப்பான ஒரு செய்தி. இந்த இரண்டாம் கட்டத்தில் அடிபட்ட பகுதிக்கு இரத்தம் குறைவாகப் போவதுதான் ஆபத்து என்று நாம் நினைப்போம். பல குழந்தைகளில் நேர்மாறாக, இரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிந்து தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் திறனை இழந்து, மடை உடைந்த வாய்க்கால்போல் திறந்து கிடக்கின்றன. ஆகவே ஓட்டம் குறைந்தாலும் கவலை, கூடினாலும் கவலை. 'இரத்தம் நன்றாகப் போகிறது' என்ற ஒற்றை வரி போதாது என்பதற்கு இதுவே காரணம். எங்கே, எவ்வளவு என்ற அளவு தேவைப்படுகிறது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். நம் காதுக்குக் கேட்கக்கூடிய ஒலியின் மேல் எல்லை நொடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள். ஸ்கேன் கருவி நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. இதில் கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கு எடுப்பதும் இதே ஸ்கேன்தான். இந்த ஒலிக்கு எலும்பு பெரிய தடை. பெரியவர்களின் மண்டை ஓடு ஒலியின் பெரும்பகுதியை மறித்துவிடும். ஆனால் பச்சைக் குழந்தைக்கு அல்லாஹ் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறான். நம் வீட்டுப் பெரிய மனுஷிகள் எண்ணெய் வைக்கும்போது விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்களே, துடித்துக்கொண்டிருக்கும் அந்த உச்சிக்குழி! மண்டை எலும்புகள் இன்னும் ஒன்று சேராத இடம் அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அதுவரை அதன் மேல் ஜெல் தடவிக் கருவியை வைத்தால் மூளை தெரியும்.

சாதாரண ஸ்கேனில் மூளைக்குள் இரத்தக் கசிவு உண்டா, நீர் தேங்கியிருக்கிறதா, வீக்கம் உண்டா என்று பார்க்கலாம். மூச்சுத் திணறி அடிபட்ட மூளை முதல் ஓரிரு நாட்களில் இதில் பழுதில்லாமல் தோன்றுவது சகஜம். அணுக்களின் பாதிப்பு படத்தில் நிறமாறித் தெரிய நேரம் எடுக்கும். அந்த ஆரம்ப நாட்களில் எழுதப்படும் 'நார்மல்' என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்.

டாப்ளர் என்று இன்னொன்று பில்லில் இருக்கும். அது ஓடும் இரத்தத்தின் வேகத்தைச் சொல்லும். ரிப்போர்ட்டில் ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறை மாதக் குழந்தைக்கு அது 0.7ஐ ஒட்டி இருக்கும். மூச்சுத் திணறிய குழந்தைக்கு 0.55க்குக் கீழே போனால், குழாய்கள் தளர்ந்து திறந்துவிட்டன என்ற அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். இது பயனுள்ள எண்தான். ஆனால் டாப்ளர் பார்ப்பது பெரிய குழாய்களை. ஊருக்கு வரும் பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிவதால் கடைசி வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று ஆகிவிடாது. மூளை அணுவுக்கு ஆக்சிஜன் கைமாறும் இடம் மயிரிழையிலும் மெல்லிய நுண்குழாய்கள். அங்கே இரத்தம் ஊர்ந்துதான் செல்கிறது. அந்த மெதுவான நகர்வு டாப்ளரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

குமிழிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. இதன் தொடக்கம் 1968. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவின் ஷா என்ற இரு மருத்துவர்கள், இதயத்தின் அருகே மருந்து செலுத்தும்போது ஸ்கேனில் மேகம்போல் எதிரொலி திரள்வதைக் கவனித்து எழுதினார்கள். ஊசியோடு சேர்ந்து போன மிகச் சிறிய காற்றுக் குமிழிகளே அந்த மேகம் என்று பிறகு தெளிவாயிற்று. வெறும் காற்றுக் குமிழி சீக்கிரம் கரைந்துவிடும். நுரையீரலைத் தாண்டி மறுபக்கம் வராது. அதனால் பின்னாளில் குமிழிக்கு மெல்லிய உறை போட்டார்கள். உள்ளே எளிதில் கரையாத கனமான வாயுவை வைத்தார்கள். ஐரோப்பாவில் சோனோவியூ என்றும் அமெரிக்காவில் லூமாசன் என்றும் விற்கும் மருந்தில் உறை கொழுப்புப் பொருள், உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு. குமிழியின் சராசரி அளவு 2.5 மைக்ரான். நம் சிவப்பணு 7, 8 மைக்ரான் இருக்கும். சிவப்பணு நுழையும் இடமெல்லாம் குமிழியும் நுழையும். அதே சமயம் குழாயை விட்டு வெளியே கசிந்து மூளைத் திசுவுக்குள் போகாது. ஆகவே குமிழி எங்கே தெரிகிறதோ அங்கே இரத்தம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒலி பட்டவுடன் இந்தக் குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது. சுற்றியுள்ள திசு வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்ப, குமிழி வேறு சுருதியில் பதில் சொல்கிறது. கருவி அந்தச் சுருதியை மட்டும் பிரித்தெடுத்து, திசுவை இருட்டாக்கி, இரத்தம் போகும் இடத்தை மட்டும் ஒளியாகக் காட்டும். குமிழி உடைந்துவிடாதிருக்க ஒலியின் வலுவைக் குறைத்தே வைப்பார்கள்.

அளப்பது எப்படி? நன்செய் வயலில் மடை திறந்துவிட்டு வரப்பில் நின்று பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரத்தில் நிறைந்தது, எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று அவர் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு பாத்தியின் பாய்ச்சலையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். இதுவும் அப்படித்தான். குமிழி மருந்தைக் கை நரம்பில் செலுத்தி, பின்னாலேயே கொஞ்சம் சலைன் விட்டு, உச்சிக்குழி மேல் கருவியை அசையாமல் பிடித்துக்கொண்டு சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். பிறகு கணினியில் மூளையின் ஒவ்வொரு பகுதியையும் வட்டமிட்டு, அங்கே ஒளி ஏறிய வேகம், உச்சம் தொட்ட நேரம், இறங்கிய வேகம் எல்லாவற்றையும் ஒரு கோடாக வரைவார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஒரு கணம் ஒலியை வலுவாக்கி, கண்ணில் படும் குமிழிகளையெல்லாம் உடைத்துவிட்டு, புதிய குமிழிகள் எவ்வளவு சீக்கிரம் வந்து நிரப்புகின்றன என்று பார்ப்பது. சீக்கிரம் நிரம்பினால் ஓட்டம் அதிகம்.

பச்சிளம் மூளையில் இதைச் செய்து கட்டுரைகள் வெளியிட்டவர்களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையினர் முக்கியமானவர்கள். மூச்சுத் திணறலில் பெரிதும் அடிபடுவது மூளையின் நடு ஆழத்தில் உள்ள சாம்பல் நிற முடிச்சுகள். அந்த நடுப்பகுதியின் ஓட்டத்தையும் வெளிப் புறணியின் ஓட்டத்தையும் ஒரே குழந்தையில் ஒப்பிட்டு, அந்த விகிதத்தை அவர்கள் பார்க்கிறார்கள். இது நல்ல யோசனை என்று எங்களுக்குப் படுகிறது. ஏனென்றால் இந்தக் கருவி 'இத்தனை மில்லி' என்று நேராகச் சொல்வதில்லை. ஒளியின் ஏற்ற இறக்கத்தைத்தான் சொல்கிறது. ஒரு குழந்தையின் எண்ணை இன்னொரு குழந்தையின் எண்ணோடு ஒப்பிடுவது கடினம். அதே குழந்தையின் ஒரு பகுதியை மறு பகுதியோடு ஒப்பிடுவது அதைவிட நம்பகமானது.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். பெட்டியில், வென்டிலேட்டரில், பல குழாய்களோடு இருக்கும் குழந்தையை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய், இரும்பு எதுவும் நெருங்கக்கூடாத அறையில், அரை மணிக்கு மேல் அசையாமல் வைப்பது எளிதல்ல. இந்த ஸ்கேன் குழந்தை இருக்கும் இடத்துக்கே தள்ளிக்கொண்டு வரக்கூடியது. வேண்டுமானால் மறுநாளும் எடுக்கலாம். மேலை நாடுகளில் இத்தகைய குழந்தையின் உடலைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களிலும் படுக்கையருகே பார்க்க ஒரு வழி இருப்பது பெரிய வசதி.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். "அங்கெல்லாம் குளிர்விக்கிறார்களாமே, இங்கே ஏன் செய்யவில்லை?" என்று வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பத்தார் கேட்பதுண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் (சென்னையும் அதில் அடக்கம்) 408 குழந்தைகளிடம் ஹீலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2021இல் அதன் முடிவு வெளியானது. குளிர்வித்ததால் ஊனம் குறையவில்லை. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்துபோனார்கள். ஓரிடத்தில் பலன் தந்த சிகிச்சை எல்லா இடத்திலும் அதே பலனைத் தரும் என்று கொள்ள முடியாது. உங்கள் மருத்துவர் குளிர்விக்காமல் விட்டதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய பரிசோதனைகளையும் இதே நிதானத்தோடுதான் பார்க்க வேண்டும்.

குமிழி ஸ்கேனின் குறைகள் சில. அமெரிக்க மருந்துத் துறை 2016இல் இந்தக் குமிழி மருந்தைக் குழந்தைகளின் கல்லீரல் ஸ்கேனுக்கு அனுமதித்தது. மூளைக்கு அந்த அனுமதி இல்லை. மூளைக்குப் பயன்படுத்தும் இடங்களில் மருத்துவர் தம் பொறுப்பில், பெற்றோரின் ஒப்புதலோடு செய்கிறார். இன்ன அளவு வரை நார்மல் என்று எல்லோரும் ஏற்ற எண் இன்னும் வரையறுக்கப்படவில்லை. உச்சிக்குழி சிறிய ஜன்னல். ஓரங்களும் பின்மூளையும் அதில் தெளிவாகப் படாது. கருவியைப் பிடிப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். குழந்தை பின்னாளில் நடக்குமா, பேசுமா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கணிப்புக்கு இன்றும் நான்கைந்து நாட்கள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் முதன்மை. ஆகவே அதை எழுதிக் கொடுத்தால் தயங்காதீர்கள்.

ஊசியைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். கல்லீரல் ஸ்கேனுக்குக் குழந்தைகளுக்கென்று குறித்துள்ள அளவு கிலோவுக்கு 0.03 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால் 0.09 மில்லி, சில துளிதான். உள்ளே இருக்கும் வாயு மூச்சு வழியே வெளியேறிவிடும், 15 நிமிடத்தில் ஏறக்குறைய முழுவதும். சி.டி. ஸ்கேனில் போடும் அயோடின் மருந்தைப்போல் சிறுநீரகத்துக்குப் பாரம் கொடுக்காது. மூச்சுத் திணறிய குழந்தைகளுக்குச் சிறுநீரகமும் களைத்திருக்கும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. கடுமையான ஒவ்வாமை பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் வரக்கூடும்; அதனால்தான் அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுகிறார்கள். இவ்வகைக் குமிழி மருந்துகளுக்கு 2007இல் அமெரிக்கத் துறை கடும் எச்சரிக்கை விதித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. இதய, நுரையீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலர் மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்கிறார்கள். இன்னொரு வகையான ஆப்டிசனின் உறை மனித இரத்தத்திலிருந்து எடுத்த அல்புமின் புரதம். ஐயம் இருந்தால் மருந்தின் பெயரை எழுதி வாங்கி ஆலிம்களிடம் தெளிவு பெறலாம். ஆனால் அதற்காகக் குழந்தையின் சிகிச்சையை ஒரு மணி நேரம்கூட நிறுத்தி வைக்காதீர்கள்.

பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு உச்சிக்குழி இல்லை. ஆனால் கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது. 1982இல் ரூனே ஆஸ்லிட் என்பவர் அந்த வழியே டாப்ளர் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வயது ஏற ஏற, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த எலும்பும் தடித்து ஒலியை மறித்துவிடும். குமிழி ஊசி போட்டால் மங்கலான எதிரொலி தெளிவாகும். 2021இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதே வழியில் ஒவ்வொரு குமிழியையும் தனித்தனியே பின்தொடர்ந்து, 25 மைக்ரான் நுணுக்கத்தில் மூளைக் குழாய்களை வரைந்து காட்டினார்கள். வியக்கத்தக்க வேலைதான். ஆனால் நம் வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை தொங்கி, பேச்சு குழறினால் எந்த டாப்ளரையும் தேடி ஸ்கேன் சென்டருக்கு அலையக்கூடாது. 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று சி.டி.யில் பார்த்த பிறகே கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். அதற்கான நேரம் நான்கரை மணி. அறிகுறி தெரிந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மீண்டும் குழந்தைகளுக்கு. 'நார்மல்' என்று எழுதிய முதல் ஸ்கேனைக் காட்டி, மறு பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தருவது. கை கால் இறுக்கமாக இருக்கிறது, தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று எட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் சிலர் வருகிறார்கள். பயிற்சி தொடங்க வேண்டிய காலம் அதற்குள் பாதி கழிந்திருக்கும். பிறந்ததும் அழாத குழந்தை, பெட்டியில் இருந்த குழந்தை, வலிப்பு வந்த குழந்தை எதுவானாலும், ஸ்கேன் என்ன சொல்லியிருந்தாலும், மருத்துவர் குறித்த நாளில் வளர்ச்சிப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சியும் காது, கண் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஸ்கேன் உருவத்தைப் பார்க்கிறதா, ஓட்டத்தைப் பார்க்கிறதா? எத்தனையாவது நாளில் எடுத்தது? இதன் முடிவால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? மூன்றாவது கேள்விக்கு 'மாறாது' என்று பதில் வந்தால், அந்தச் செலவைப் பற்றி மருத்துவரிடமே மரியாதையோடு பேசலாம். நல்ல மருத்துவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும்போது பில்லை மட்டும் கொண்டுவராமல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் அனைத்தின் நகல், எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதன் சி.டி., அடுத்த பரிசோதனைத் தேதி ஆகியவற்றையும் சேர்த்து ஒரே கவரில் கொண்டுவாருங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அவை தேவைப்படும்.